கருணையா, கடனா? – உழைத்து ஓய்ந்த விலங்கு பற்றிய ஓர் அறவிசாரணை

நோயுற்ற விலங்கொன்றுக்கு வைத்தியம் செய்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? விலங்குக்கா, அதன் சொந்தக்காரருக்கா? மனித வைத்தியத்தில் இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. நோயாளியே வைத்தியரை நாடி வருகிறார். தமது நோவைத் தாமே எடுத்துரைக்கிறார். மிருக வைத்தியத்திலோ நோவுறுவது ஓர் உயிர். அதனை அழைத்து வருபவரும் பணம் கொடுப்பவரும் வேறொருவர். அமெரிக்க மெய்யியலாளர் பேர்னாட் றொலின் இதனையே மிருக வைத்திய ஒழுக்கவியலின் அடிப்படை வினா எனக் கொண்டார். மிருக வைத்தியர் மோட்டார் வாகனம் திருத்துபவரை ஒத்தவரா, அன்றிக் குழந்தை வைத்தியரை ஒத்தவரா என்று அவர் வினவினார். வாகனத்தைத் திருத்துவதும் கைவிடுவதும் சொந்தக்காரர் விருப்பம். குழந்தையைக் குணப்படுத்துவதும் கைவிடுவதும் பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல.

இவ்விரு உவமைகளுக்கும் அப்பால் நிற்கும் ஒரு நிலையும் உண்டு. சொந்தக்காரரே இல்லாத விலங்கு, உழைத்து ஓய்ந்தபின் தெருவில் விடப்பட்ட விலங்கு, நோயுற்றால் அதன் பொறுப்பு யாருடையது? அதற்கு நாம் செய்யும் வைத்தியம் கருணையா, அன்றிக் கடனா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் குதிரையினமே மிகப் பொருத்தமானது. குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகிய மூன்றையும் இங்குக் குதிரையினம் என்கிறோம். மிருக வைத்தியத்தின் வரலாறு பெரிதும் குதிரை வைத்தியத்தின் வரலாறே எனலாம். அரபு மொழியில் மிருக வைத்தியரைக் குறிக்கும் ‘பைத்தார்’ என்னும் சொல், குதிரை வைத்தியர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரான்சின் லியோன் நகரில் 1761இல் அரச அனுமதி பெற்று உருவான முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவிய குளோட் பூர்ஜலா ஒரு குதிரையேற்றப் பயிற்சியாளர். வட இந்திய மரபில் குதிரை வைத்தியம் சாலிகோத்திரர் பெயரால் வழங்குகின்றது. பாண்டவருள் ஒருவனான நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. போருக்கும் பயணத்துக்கும் அரச பெருமைக்கும் குதிரை இன்றியமையாததாயிருந்தமையே இத்துணைச் சிறப்புக்கும் காரணம். அதே இனத்தைச் சேர்ந்த கழுதைக்கு இச்சிறப்பு வாய்க்கவில்லை. அது சுமந்தது சாமானியரின் சுமை.

குதிரையினத்துக்கு வைத்தியம் செய்தல் தனிப்பயிற்சி வேண்டும் துறையாகும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. இரைப்பையின் வாயிலிலுள்ள தசை ஒருவழிக் கதவு போல் இறுகியிருத்தலே இதற்குக் காரணம். ஆதலால் வயிற்றினுள் வாயுவோ தீனியோ அடைபட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்; வைத்தியர் மூக்கின் வழியே குழாய் செலுத்தி இரைப்பையின் அழுத்தத்தைத் தணிக்கிறார். அதன் பற்கள் ஆண்டுக்கணக்காக முளைத்தெழுந்தவண்ணம் இருப்பதால், கூர்மையான விளிம்புகளை அராவிவிட வேண்டும். குளம்பும் நம் நகம் போல் வளர்வது. சில வாரங்களுக்கு ஒருமுறை செதுக்காவிடின் நடை குலையும்.

கழுதையைச் சிறிய குதிரை எனக் கருதுவதும் தவறு. வலியை வெளிக்காட்டாமை அதன் இயல்பு. தலையைத் தாழ்த்தி, தீனியை மறுத்து நிற்கும் கழுதையைச் சோம்பி நிற்பதாகவே காண்போர் எண்ணுவர்; அது முற்றிய நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். சில நாட்கள் உண்ணாதிருந்தாலே உடலின் கொழுப்பு இரத்தத்திற் பெருகி, ஈரல் பழுதுற்று, இறப்பும் நேரலாம். சில மருந்துகள் குதிரையின் உடலைவிடக் கழுதையின் உடலிலிருந்து விரைவாக நீங்குவதால், மருந்தின் அளவும் கொடுக்கும் இடைவெளியும் வேறுபடும். எனவே நோயுற்ற கழுதைமீது இரக்கப்படுவது எளிது. அதன் நோயை அறிவதற்குக் கல்வி வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

‘பயனுள்ள விலங்கை மனிதன் தானாகவே பேணுவான், அறம் இங்குத் தலையிட வேண்டியதில்லை’ என்று சிலர் கூறுவர். தமிழர் வரலாற்றிலேயே இக்கூற்றுக்கு மறுப்பு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், காயல் துறைமுகத்துக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பும் உடன்படிக்கை செய்திருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், கடலில் இறந்துபோன குதிரைக்கும் அரசன் விலை கொடுத்தான் என்றும் எழுதியுள்ளார். பொரித்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் அவற்றுக்குத் தீனியாகக் கொடுக்கப்பட்டன என்றும் அவர் கூறுகிறார். உலர்நிலத்துப் புல்லுக்கும் வாற்கோதுமைக்கும் பழகிய விலங்குக்கு அது விருந்தன்று.

அக்காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ தரும் செய்தி இன்னும் கசப்பானது. அரசன் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான். ஆண்டு முடிவில் அவற்றுள் மிகச் சிலவே உயிருடன் எஞ்சின. குதிரை வைத்தியம் அறிந்தோர் இந்நாட்டில் இல்லை. வணிகரோ அத்தகையோரைத் தம்முடன் அழைத்து வரவுமில்லை, வர விடவுமில்லை. குதிரைகள் இறந்தாற்றான் மறு ஆண்டும் விற்பனை நடக்கும் என்பதே அவர் கூறும் காரணம். பயணியின் இக்கூற்றில் மிகை எவ்வளவு என்பது வரலாற்றாசிரியர் ஆய்வுக்குரியது. ஆயினும் அது உணர்த்தும் அறவுண்மை மறுக்கவியலாதது. பொன் கொடுத்து வாங்கிய விலங்கும் வைத்தியமின்றி இறக்கலாம். ஒருவருக்கு அதன் வாழ்வு இலாபம் என்றால், இன்னொருவருக்கு அதன் சாவு இலாபம். இலாபத்தின்மீது கட்டப்பட்ட பராமரிப்பு, இலாபம் திசைமாறும்போது தானும் மாறும்.

இதன் மறுதலையையும் காண்போம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி டேர்பிப் பந்தயத்தில் வென்ற பார்பரோ என்னும் குதிரை, இரு வாரங்களின் பின் நடந்த மற்றொரு பந்தயத்தில் வலப் பின்னங்காலின் எலும்புகள் பல துண்டாக முறிந்து வீழ்ந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பெருவிலங்கு வைத்தியசாலையில், உலோகத் தகடும் திருகாணிகளும் பொருத்திச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஏறக்குறைய 500 கிலோகிராம் எடையுள்ள குதிரையினால் நீண்டகாலம் படுத்திருக்க இயலாது. முறிந்த காலைக் காக்கும்பொருட்டு மற்றைக் கால்கள்மீது சுமையை ஏற்றினால், அவற்றின் குளம்புகளினுள்ளே அழற்சி தோன்றும். பார்பரோவுக்கும் அதுவே நேர்ந்தது. எட்டு மாதப் போராட்டத்தின் பின், 2007 ஜனவரி 29ஆம் நாள், வலியிலிருந்து விடுவிக்கும் நோக்குடன் அதன் உயிர் போக்கப்பட்டது. வைத்தியர்களின் உழைப்பும் சொந்தக்காரரின் அன்பும் மெய்யானவை. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பந்தயங்களில் தோற்று, பெயரறியப்படாத குதிரையொன்று அதே நாளில் காலொடிந்திருப்பின் அதற்கு எட்டு மாதம் கிடைத்திருக்குமா என்று கேட்காதிருக்க இயலவில்லை.

ஆகவே, பயன் வைத்தியத்தைத் தரவும் கூடும், மறுக்கவும் கூடும். பயன் முற்றாக நீங்கிய பின்னர் விலங்குக்கு எஞ்சுவது என்ன என்பதே நம் வினாவின் மையம்.

முதலாம் உலகப் போரில் மத்திய கிழக்கில் போரிட்ட பிரித்தானியப் படையின் குதிரைகளுட் பல, போர் முடிந்ததும் தாயகம் திரும்பவில்லை. ஏறக்குறைய 20,000 குதிரைகள் எகிப்தில் விற்கப்பட்டன. 1930இல் கெய்ரோவுக்குச் சென்ற டொரதி புறூக் என்னும் பெண்மணி, பத்தாண்டுக்கு மேலாகக் கல்லுடைக்கும் இடங்களிலும் வண்டிகளிலும் பூட்டப்பட்டு எலும்புந்தோலுமாய் நின்ற அப்படைக் குதிரைகளைக் கண்டார். 1931இல் இலண்டன் பத்திரிகையொன்றுக்கு அவர் எழுதிய கடிதம் பெருந்தொகையைத் திரட்டித் தந்தது. அதனைக் கொண்டு 5,000 குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். 1934இல் கெய்ரோவில் பழைய போர்க்குதிரைகளின் நினைவு வைத்தியசாலையை நிறுவினார். மீட்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை பிழைக்கவியலா நிலையிலிருந்தமையால், சில நாள் நல்ல தீனியும் ஓய்வும் அளித்து அவற்றின் வாழ்வை முடித்தனர். அவ்வைத்தியசாலை பின்னர் எகிப்திய ஏழைகளின் வண்டிக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இலவச வைத்தியம் அளிக்கும் நிலையமாயிற்று. இன்று புறூக் என்னும் பெயரில் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் செங்கற்சூளைகளில் உழைக்கும் விலங்குகளுக்காக அவ்வமைப்பு செயற்படுகின்றது.

டொரதி புறூக்கின் முயற்சியில் நாம் கவனிக்கவேண்டியது அதன் இரக்கச்சுவை அன்று. படையில் உழைத்த குதிரைக்கு ஒரு நாடு கடன்பட்டிருக்கிறது என்னும் எண்ணமே அப்பணத்தைத் திரட்டியது. ‘பாவம்’ என்ற சொல்லினும் ‘பாக்கி’ என்ற சொல்லே அங்கு வலிமை பெற்றது.

நம் நாட்டுக்கு வருவோம். அறுகம்பே முதல் கல்முனை வரையுள்ள கரையோர ஊர்களில் வாழ்வோருக்கு உழைப்பு விலங்கென்றால் எருமையும் மாடுமே நினைவுக்கு வரும். பொத்துவில் வட்டைகளில் உழுததும், களவெட்டியில் சூடு மிதித்ததும் அவையே. உழவு இயந்திரமும், பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தபோது அவற்றின் வேலை போயிற்று. எனினும் அவை தெருவுக்கு வரவில்லை. எருமைக்குத் தயிர்ச்சட்டி இருந்தது; மாட்டுக்குப் பாலும் இறைச்சியும் இருந்தன. ஒரு பயன் நீங்க மற்றொரு பயன் அதனைக் காத்தது. இதனை நாம் அறமென்று எண்ணி மகிழ்ந்துவிடலாகாது. அது சந்தையின் செயல்.

இந்த மறைப்பு எதுவுமின்றி வினாவை நம்முன் நிறுத்தும் விலங்கு மன்னாரின் கழுதை. அரபு வணிகர் கொணர்ந்தவை என மரபு கூறும் இக்கழுதைகள் தலைமுறை தலைமுறையாக அத்தீவில் சுமை சுமந்தன. லொறியும் மோட்டார் வாகனங்களும் வந்ததும் அவற்றுக்கு வேலை இல்லாது போயிற்று. நாட்டுக் கழுதையின் இறைச்சி முஸ்லிம்களுக்கு ஹராம், ஏனையோரும் உண்பதில்லை. அதன் பாலைக் கறப்போரும் இங்கு இல்லை. எனவே சுமை நீங்கிய அன்றே அதன் கடைசிப் பயனும் நீங்கிற்று. கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கப்பட்ட கழுதை மன்னார் நகரின் வீதிகளில் குப்பையைக் கிளறி, பொலித்தீனையும் சேர்த்து உண்டு, இரவில் தெருவிலேயே படுத்து, வாகனங்களில் அடிபடலாயிற்று. நெடுந்தீவிலும் இதனை ஒத்த நிலை உண்டு. போர்த்துக்கேயர் கொணர்ந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் அத்தீவில் இன்று காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் எஞ்சி நிற்கின்றன. கோடை வறட்சியில் குதிரைகள் நீருக்கு அலைகின்றன.

மன்னார்க் கழுதைகளுக்காக, அவுஸ்திரேலியாவைத் தளமாகக் கொண்ட பிரிட்ஜிங் லங்கா என்னும் தொண்டு அமைப்பு ஒரு கழுதை வைத்தியசாலையையும் கல்வி நிலையத்தையும் மன்னாரில் அமைத்தது. காயமுற்ற கழுதைக்கு மருந்திடவும், பராமரிப்புப் பற்றி மக்களுக்கு எடுத்துரைக்கவும் அது முற்பட்டது. பந்தயக் குதிரைக்கும் அரச குதிரைக்கும் மட்டுமே உரியதெனக் கருதப்பட்ட தனிப் பராமரிப்பு, தமிழ் வழங்கும் ஒரு நகரில், யாருக்கும் உரித்தற்ற கழுதைக்குக் கிட்டியது. இச்செய்தியைக் கேட்டுச் சிரிப்போர் உண்டு. ‘கழுதைக்கும் ஆசுப்பத்திரியா?’ என்னும் அச்சிரிப்பே ஆராயத்தக்கது. குதிரைக்கு வைத்தியசாலை என்றால் அவர்கள் சிரிப்பதில்லை. எனவே சிரிப்புக்குக் காரணம் அது விலங்கு என்பது அன்று. அதனால் நமக்கு வருமானம் இல்லை என்பதே.

இனி இவ்வைத்தியத்தின் தன்மை யாதென நோக்குவோம். பழைய உரோமானியரான கேற்றோ, முதுமையடைந்த அடிமைகளை விற்றுவிடும்படி அறிவுரை கூறியவர். அவரது வரலாற்றை எழுதிய புளூட்டாக் இதனைக் கண்டிக்கிறார். தாம் தமக்கு உழைத்த முதிய எருதையும் விற்கமாட்டார் என்கிறார். ஏதென்சு நகரத்தார் தமது பெருங்கோவிலைக் கட்டியபோது, கடுமையாக உழைத்த கோவேறு கழுதைகளை அவிழ்த்து மேயவிட்டனர் என்றும், அவற்றுள் ஒன்று தானாகவே திரும்பி வந்து ஏனைய விலங்குகளுடன் நடந்தமையால், அதன் வாழ்நாள் முழுதும் பொதுச்செலவில் தீனியளிக்க நகரம் தீர்மானித்தது என்றும் அவர் கூறுகிறார். எனினும் புளூட்டாக் ஒரு கோடு கிழிக்கிறார். நீதி மனிதருக்கிடையில் மட்டுமே உரியது. விலங்குக்கு நாம் செய்வது நன்மனத்தின் ஊற்றிலிருந்து பெருகும் தயை. பதினெட்டாம் நூற்றாண்டில் கான்ற் என்னும் மெய்யியலாளரும் விலங்குகள்மீது நமக்கு நேரடிக் கடமை இல்லை என்றே கொண்டார். நெடுங்காலம் உழைத்த நாயை முதுமையிற் பேணவேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் கூறிய காரணம், அவ்வாறு செய்யாதவனின் மனிதத்தன்மை மழுங்கும் என்பதே.

இவர்களுக்கு எதிரே ஒரு ஷாபிஈ சட்ட அறிஞரை நிறுத்த விரும்புகிறோம். டமஸ்கசிலும் கெய்ரோவிலும் வாழ்ந்து 1262இல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், மனிதர்மீது விலங்குகளுக்குள்ள ஹக்குகளைத் தமது சட்டநூலில் வரிசைப்படுத்தினார். சுமக்கக்கூடியதற்கு மேல் சுமத்தலாகாது. துன்புறுத்தும் விலங்குடன் சேர்த்து அடைத்தலாகாது. குட்டியைத் தாயின் கண்முன் அறுத்தலாகாது என்பன அவற்றுட் சில. அவற்றுள் முதன்மையானது, விலங்குக்கு உரிய செலவைச் செய்தல். அது முதுமையுற்றோ நோயுற்றோ பயனற்றுப்போன நிலையிலும் செய்தல். காயலில் குதிரைகள் வைத்தியமின்றி மடிந்ததற்குச் சில பத்தாண்டுகள் முன்னரே இது எழுதப்பட்டுவிட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இங்கு அவர் ஆளும் சொல் தயையன்று, ஹக்கு. கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. சதகா கொடுப்பவர் விருப்பம். ஸக்காத்தோ செல்வரின் பொருளில் ஏழைக்குள்ள பங்கு. அதைக் கொடாதவர் பிறர் பொருளை வைத்திருப்பவர். சைவ மரபிலும் இதற்கு ஒப்பு உண்டு. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது மனுநீதிச் சோழன் அதற்கு இரக்கம் காட்டியதாகக் கதை கூறவில்லை; முறை வழங்கியதாகவே கூறுகின்றது. பசு அம்மன்றத்தில் வழக்காளி. பிச்சை கேட்க வந்ததன்று.

தயை, ஹக்கு என்னும் இவ்விரு சொற்களுக்கும் இடையே நடைமுறையில் என்ன வேறுபாடு என வினவலாம். பெரு வேறுபாடு உண்டு. தயை செய்பவர் தாம் விரும்பியபோது தொடங்கி, சலித்தபோது நிறுத்தலாம். கடனுக்கு முடிவு உண்டே தவிரச் சலிப்பு இல்லை. தயை அழகிய விலங்கைத் தேர்ந்தெடுக்கும். கடன், கொடுக்கவேண்டியவர் யாரென்றுதான் பார்க்கும். தயைக்கு நல்ல மனம் போதும். கடனைச் சரியாகத் தீர்க்க வேண்டும். தீனி மறுத்த கழுதைக்கு ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துத் தடவிச் செல்வது தயை. அதன் ஈரல் பழுதுறுமுன் வைத்தியரிடம் சேர்ப்பது கடன் தீர்த்தல். முன்னர்க் கூறிய வைத்திய நுணுக்கங்கள் அறவிசாரணைக்குள் வருவது இவ்வழியேதான்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

கடன் என்றால் உடன்படிக்கை வேண்டும். கழுதை யாருடன் உடன்பட்டது என்பது முதல் மறுப்பு. குழந்தையும் பெற்றோருடன் உடன்படிக்கை செய்வதில்லை. ஒருவரைத் தனித்து வாழவியலாத நிலைக்கு நாமே கொண்டுவந்துவிட்டால், அந்நிலையிலிருந்தே கடமை பிறக்கின்றது. ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆபிரிக்காவில் மனிதன் கழுதையைப் பழக்கினான். வறண்ட கல்நிலத்தில் தேயும்படி அமைந்தது அதன் குளம்பு. அதனை மழையும் மணலும் நிறைந்த தீவுக்குக் கொண்டுவந்து, குளம்பு தேயாமல் வளர்ந்து வளையும்போது ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்பது பொருந்தாது. அந்நோயை இயற்கை தரவில்லை.

சுமை சுமத்தியவர்கள் இறந்துவிட்டார்கள்; இன்றுள்ளோர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பது இரண்டாம் மறுப்பு. இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவரின் கடன் தீர்க்கப்பட்ட பின்னரே சொத்துப் பங்கிடப்படும். கடனை விட்டுச் சொத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாரிசு எம்மரபிலும் இல்லை. இன்றைய நகரம் முன்னோரின் வணிகத்தாலும் உழைப்பாலும் எழுந்தது. அவ்வுழைப்பில் ஒரு பங்கு நான்கு கால்களில் நடந்தது.

மூன்றாம் மறுப்பே வலிமையானது. மனிதருக்கே மருந்தில்லாத நாட்டில் கழுதைக்கு வைத்தியசாலை தேவையா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நம் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு எவ்வளவு கொடிதாயிருந்தது என்பதை எவரும் மறக்கவில்லை. ஒரே மருந்துக்குக் குழந்தையும் கழுதையும் காத்திருப்பின் குழந்தைக்கே கொடுக்க வேண்டும்; இதில் ஐயமில்லை. ஆயின் கடன்களுக்கு முன்பின் வரிசை உண்டு என்பதனால், பின்னுள்ள கடன் கடனல்லாது போவதில்லை. மேலும், அத்தகைய ஒரே மருந்து என்னும் நிலை அரிது. வீண்செலவுகளைப் பற்றி நாம் வினவாதிருக்கையில், ஒரு கழுதையின் புண்ணுக்கு மருந்திடும்போது மட்டும் ஏழைகளின் நினைவு வருவது எவ்வாறு? ஏழைமீதுள்ள அன்பு அங்கு வாதமாகப் பயன்படுகின்றதே தவிர, ஏழைக்குப் பயன்படுவதில்லை. செங்கற்சூளைக் குடும்பத்தின் கழுதை நொண்டினால் அக்குடும்பத்தின் அடுப்பே அணைகின்றது என்பதையும் மறத்தலாகாது.

நான்காவது, துன்பந்தரும் ஒரு வினா. பிழைக்கவியலாத விலங்கைக் கொன்றுவிடுவது கருணையன்றோ? டொரதி புறூக் அவ்வழியைத் தேர்ந்தார். பார்பரோவின் வைத்தியரும் இறுதியில் அதையே செய்தார். ஹனபி அறிஞர்கள் இதற்கு இடமளிப்பர். ஷாபிஈ சட்டநூல்களோ, உண்ணத்தகாத விலங்கை அதன் துன்பம் தீர்ப்பதற்காகவும் அறுத்தல் கூடாது என்கின்றன. தீராநோயுற்ற கழுதையையே அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகின்றன. இன்றைய மிருக வைத்தியர் இதனை ஏற்கத் தயங்குவார். தீராவலியில் துடிக்கும் உயிரைப் பார்த்துக்கொண்டிருப்பது அறமாகுமா என்னும் அவரது வினா நேர்மையானது. சட்ட அறிஞர் அதற்கு விடை கூறியாக வேண்டும். எம்மைப் பொறுத்தவரை, இவ்விதியின் உட்பொருள் கொடுமையன்று எனக் கொள்கிறோம். சாவு எளிதில் கிடைக்கும் வழியாகிவிட்டால், செலவு மிகும் வழியான வைத்தியத்தை எவரும் தேர்ந்தெடுக்கமாட்டார். வைத்தியத்தின் எல்லாப் படிகளையும் ஏறி முடித்தவரே இறுதிப் படியைப் பற்றிப் பேசத் தகுதி பெறுகிறார். மருந்துக்குச் செலவிட மனமில்லாதவர் கொலைக்குக் கருணையென்று பெயரிடலாகாது.

பயனையே அளவுகோலாக வைத்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் காலமே சான்று தருகின்றது. கழுதைத் தோலிலிருந்து எடுக்கப்படும் பசைப்பொருளுக்குச் சீன மருந்துச் சந்தையில் கேள்வி பெருகியதனால், ஆபிரிக்க நாடுகளில் கழுதைகள் திருடப்பட்டும் பெருந்தொகையில் கொல்லப்பட்டும் வந்தன. 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தடைசெய்யத் தீர்மானித்தது. பயனற்றதென விடப்பட்டால் தெரு. பயன் திரும்பினால் கத்தி. இவ்விரண்டுக்கும் நடுவே விலங்குக்கு நிற்க இடம் தருவது ஹக்கு என்னும் கருத்து ஒன்றே.

கருணையைத் தாழ்த்துவது எம் நோக்கமன்று. மன்னாரில் வைத்தியசாலை அமைத்தோரை உந்தியது கருணையே எனில், அது போற்றத்தக்க கருணை. அவர்கள் அக்கழுதைகளிடம் எதையும் பெற்றவர்கள் அல்லர். ஆகவே அவர்கள் செய்தது தயையாக இருக்கலாம். நாமோ பெற்றவர்கள். அதே செயலை நாம் செய்தால் அது தயையாகாது. நம் கடனைப் பிறர் தீர்க்கும்போது நன்றி கூறி ஒதுங்கி நிற்பதும் கடனாளிக்கு அழகன்று.

இக்கடனின் அளவும் பெரிதன்று. இலங்கையில் 1907இல் ஆக்கப்பட்ட சட்டம் விலங்குக்குக் கொடுமை செய்தலைக் குற்றமாக்கியது. கொடுமை செய்யாதிருத்தல் வேறு, கடமையைச் செய்தல் வேறு. பேராதனையில் மிருக வைத்திய பீடம் உண்டு. ஊர்தோறும் பிரதேச சபைகள் உண்டு. பள்ளிவாசல்களும் கோவில்களும் தேவாலயங்களும் உண்டு. பயிற்சி பெற்ற சில வைத்தியர், குளம்பு செதுக்கத் தெரிந்த சில கைகள், கோடையில் நீர்த்தொட்டி, வீதியில் வெளிச்சம், மூடிய குப்பைத்தொட்டி: கேட்கப்படுவது இவ்வளவே. மன்னாரின் கழுதைக்கும் நெடுந்தீவின் குதிரைக்கும் நாம் இதனைச் செலுத்தும் நாளில், ‘நாங்கள் இரக்கமுள்ளவர்கள்’ என்று பெருமை பேச நமக்கு உரிமை இராது. கடனைத் திருப்பிக் கொடுத்தவர் எவரும் தம்மை வள்ளல் என்று கூறிக்கொள்வதில்லை.